ஐந்நூறு ரூபாய்க் கறுப்பு: கார்க் கண்ணாடிச் சட்டமும் உசிலம்பட்டிச் சாலையும்

கொச்சியில் தொடங்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூணாறு ஏறி, போடிமெட்டில் இறங்கி, தேனி, ஆண்டிபட்டி கடந்து கணவாய் வழியே உசிலம்பட்டிக்கு வருகிறது. அதே சாலையில் செக்கானூரணி தாண்டினால் மதுரை. இந்த வழியில் வரும் ஒரு காரின் கதவுக் கண்ணாடியில், பாதிக்குமேல் வெளிச்சம் புகக்கூடிய கூலிங் ஃபிலிம் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போடிமெட்டுக்கு மேலே அது குற்றமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கீழே இறங்கியதும் அதே ஃபிலிமைக் கிழிக்கச் சொல்ல, உசிலம்பட்டி எஸ்.ஐ.யிடம் உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. விதி ஒன்றுதான், மத்திய அரசின் விதி. வாசிப்புதான் இரண்டு.

ஆனால் இந்தச் சாலையில் பெரிய சிக்கல் அதுவல்ல. ஹெல்மெட், குடிபோதை, அதிவேகம் எல்லாம் பார்த்து முடித்து நேரம் மிஞ்சினால் கவனிக்க வேண்டிய சில்லறைக் குற்றமாகவே கறுப்புக் கண்ணாடி நடத்தப்படுகிறது. அந்த வரிசை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஹெல்மெட் போட்டவனின் உயிரும் எதிரே வரும் காரோட்டியின் கண்ணில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேலையாகப் பார்க்காதவரை இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும்.

சட்டம் எளிமையானது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் குறைந்தது 70 சதம் வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதமும் புக வேண்டும் என்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இது ஏட்டில் மட்டும் இருந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், ஸ்வதந்தர் குமார் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. இந்த 70, 50 என்ற அளவு தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடிக்கு உரியது. அதன்மேல் எந்தச் சதவீதத்திலும் எந்தப் பொருளையும் ஒட்டக் கூடாது என்றது தீர்ப்பு. மே 4 முதல் நடைமுறை. ஃபிலிம் தயாரிப்பாளர்கள் திரும்பவும் போய் நின்றபோது, ஆகஸ்ட் 3 அன்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அபராதத்தோடு நிறுத்தாமல் ஃபிலிமையே அகற்ற வேண்டும், தவறினால் காவல் அதிகாரிகள்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரும் என்றும் எச்சரித்தது.

அந்தக் கோடையில் சென்னை உட்படப் பல நகரங்களில் போக்குவரத்துப் போலீசார் சாலையோரத்தில் ஃபிலிம் உரித்தார்கள். உரிப்பது லேசான வேலையல்ல. பிளேடு முனையால் ஒரு மூலையைக் கிளப்பி, வெந்நீரோ சூடான காற்றோ காட்டி மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். பின் கண்ணாடியில் பனி போக்கும் மெல்லிய கம்பிக்கோடுகள் ஃபிலிமோடு பிய்ந்து வரும். ஒட்டுவதோ சுலபம். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமைப் பரப்பி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளினால் ஒரு மதியத்தில் கார் இருண்டுவிடும். கெடுபிடி தணிந்ததும் ஃபிலிம் திரும்பி வந்ததில் வியப்பில்லை.

திரும்பி வருவதற்குக் கணக்கும் துணை நின்றது. இந்தக் குற்றத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பொதுப் பிரிவில்தான் வரும். முதல் முறை நூறு ரூபாயாக இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பின் 500 ஆனது; மறுமுறை 1,500. ஹெல்மெட் இல்லாமல் போனால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய், அதோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தையும் முடக்கலாம். தமிழ்நாடு இந்த உயர்ந்த அபராதங்களை 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. ஆக, மொபெட்டில் போகிறவரின் வெறுந்தலை 1,000 ரூபாய்; பெரிய காரின் இருட்டு 500 ரூபாய். பல ஆயிரம் செலவழித்து ஃபிலிம் ஒட்டியவருக்கு இந்த 500 ஒரு தடையே அல்ல.

ஹெல்மெட்டுக்கு முன்னுரிமை தருவது தவறென்று யாரும் சொல்ல முடியாது. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே இதுதான் அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் 44.5 சதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தலையைக் காப்பது முதல் வேலைதான். ஆனால் இந்த எண்ணிக்கையைக் காரின் உள்ளேயிருந்தும் படிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கருமாத்தூர்ப் பக்கம் பின்விளக்கு எரியாத ஒரு டிவிஎஸ் எக்ஸெல் போகிறது. அதைக் கடைசி நொடியில் கண்டு ஒதுங்குவதும் ஒதுங்காததும் காரோட்டியின் முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பொறுத்தது. விடியுமுன் மல்லிகை மூட்டையோடு உசிலம்பட்டிச் சந்திப்பைக் கடக்கும் பெண், வரும் காரின் வேகத்தை மட்டும் பார்த்து அடி எடுத்து வைப்பதில்லை. ஓட்டுகிறவர் தன்னைப் பார்த்துவிட்டாரா என்று அவர் முகத்தைத் தேடுகிறாள். கறுத்த கண்ணாடியில் அவளுக்குத் தெரிவது அவள் முகம்தான்.

சாலையோரச் சோதனையில் இது வேறு விதமாக நடக்கிறது. வேப்பமர நிழலில் இ-சலான் கருவியோடு நிற்கும் போலீசார் கைகாட்டினால் பைக் நிற்கும். ஓட்டுகிறவர் யார் என்பது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். இருண்ட வண்டிக்குள் இருப்பது கட்சி மாவட்டச் செயலாளரா, ஒப்பந்ததாரரா, மேலதிகாரியின் உறவினரா என்று நிறுத்திக் கண்ணாடி இறங்கும்வரை தெரியாது. தெரியாததால் கை எழத் தயங்குகிறது. கறுப்பு ஃபிலிமின் உண்மையான பயன் இதுதான். வெயிலை மறைப்பதைவிட, விசாரணையை ஒரு கணம் தள்ளிப்போடுகிறது.

தயக்கத்தின் விலை என்ன என்பதை நாடு 2012 டிசம்பர் 16 அன்று பார்த்தது. டெல்லியில் ஓர் இளம்பெண் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பேருந்தின் கண்ணாடிகள் கறுத்திருந்தன, திரைகளும் தொங்கின. தலைநகரின் சாலைகளில் அது போலீஸ் சோதனைச் சாவடிகளைக் கடந்து ஓடியது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து எட்டு மாதம்கூட நிறைவாகவில்லை.

அண்டை மாநிலத்தின் அனுபவம் வேறொரு பாடம். 2021 ஜனவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆப்பரேஷன் ஸ்க்ரீன்’ என்ற பெயரில் ஃபிலிமையும் ஜன்னல் திரைகளையும் எதிர்த்து இறங்கியது. சாதாரணக் கார்களுக்குச் சலான் போகிறது, அமைச்சர்களின் கார்களில் திரை தொங்குகிறது என்ற பேச்சு எழுந்தது. சில நாட்களிலேயே நடவடிக்கை கைவிடப்பட்டது. அதன்பின் விதியும் மாறியது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியையும் 100-ஆவது விதிக்குள் அனுமதித்தது. இதைச் சுட்டிக்காட்டி, 70, 50 என்ற அளவு குறையாதவரை ஃபிலிமுக்காகத் தண்டிக்க முடியாது என்று 2024 செப்டம்பரில் நீதிபதி என். நாகரேஷ் தீர்ப்பளித்தார். தமிழ்நாட்டை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் பழைய விதியை வைத்து எழுந்த 2012 உத்தரவு, திருத்தப்பட்ட விதிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வியைத் தமிழ்நாடும் தவிர்க்க முடியாது.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று தேவைப்படும்: அளவு. கடைக்காரர் “இது எழுபது சதம் சார், சட்டப்படிதான்” என்று ஃபிலிம் சுருளைக் காட்டுகிறார். அவர் சொல்வது ஃபிலிமின் கணக்கு மட்டும். கண்ணாடி தனியே 75 சதம் வெளிச்சத்தை விட்டால், அதன்மேல் 70 சத ஃபிலிம் ஒட்டியபின் உள்ளே போவது இரண்டையும் பெருக்கிய 52.5 சதம். பக்கக் கண்ணாடிக்கு அது தேறும், முன் கண்ணாடிக்குத் தேறாது. 50 சத ஃபிலிம் என்றால் 37.5 சதம், எங்குமே தேறாது. இதை வெறும் கண்ணால் எந்தப் போலீஸ்காரரும் சொல்ல முடியாது. கண்ணாடியின் இருபுறமும் வைத்து ஒளியை அளக்கும் சிறு கருவி வேண்டும்.

அளவை வலியுறுத்த இந்த மண்ணுக்குத் தனிக் காரணமும் உண்டு. உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறப்பை வைத்தே சந்தேகிக்கப்பட்டார்கள். கைரேகை பதிய வேண்டும், ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் மாண்டார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல். ஆளைப் பார்த்து நிறுத்தும் அதிகாரத்தை அனுபவித்து அறிந்த ஊர் இது. அதனால்தான், கண்ணாடிச் சோதனை வேண்டும் என்பதோடு, அது ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2021 மார்ச் முதல், கண்ணாடி ஃபிலிமை மட்டும் காரணம் காட்டிப் போலீஸ் வண்டியை நிறுத்தக் கூடாது என்று சட்டம் செய்தது. இத்தகைய சிறு குற்றங்கள் கறுப்பின ஓட்டுநர்களை நிறுத்திக் குடைவதற்குச் சாக்காகிவிட்டன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தமிழ்நாடு அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. கண்ணாடியைச் சாக்காக்கி வேறொன்றைத் தேடுவதும், வேறொருவருக்குப் பயந்து கண்ணாடியை விட்டுவிடுவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிச் சோதனைக்கு ஆள் பற்றாக்குறை என்ற பதில் முழு உண்மையல்ல. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் தேனி மக்களவைத் தொகுதிக்குள் வரும் இதே உசிலம்பட்டிச் சாலையில் பறக்கும் படை கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்குக் கணக்குக் கேட்கிறது. அக்டோபர் 30 தேவர் குருபூஜைக்குப் பசும்பொன் போகும் பயணத்துக்கு வாடகை வண்டிக்குத் தடை, சொந்த வண்டிக்கு அனுமதிச் சீட்டு என்று வரிசையாகச் சரிபார்க்கிறார்கள். முடிவெடுத்தால் முடிகிறது.

வெயிலைச் சொல்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிடக் கூடாது. மதுரைச் சமவெளியின் மே மாத மதியத்தில் குழந்தையோடு பின்சீட்டில் இருப்பவருக்கு அது நிஜமான வேதனை. 2016-இல் பிரையன் பாக்ஸர் வாக்லர் என்ற கண் மருத்துவர் 29 கார்களை அளந்தபோது, முன் கண்ணாடிகள் சராசரியாக 96 சதப் புற ஊதா-ஏ கதிரைத் தடுத்தன, பக்கக் கண்ணாடிகள் 71 சதம்தான். பக்கத்தில் பாதுகாப்புக் குறைவு என்பது மெய். பிரிட்டன் இதற்கு நியாயமான வழி கண்டிருக்கிறது. முன் கண்ணாடியில் 75 சதம், ஓட்டுநர் வரிசைப் பக்கக் கண்ணாடிகளில் 70 சதம் என்று கண்டிப்பு. அதற்குப் பின்னால் உள்ளவற்றுக்கு வரம்பே இல்லை. இந்தியா பின்புறத்தை அவ்வளவு தளர்த்த வேண்டாம். ஆனால் ஓட்டுகிறவரின் பார்வைக்கும் பின்சீட்டின் நிழலுக்கும் ஒரே மாதிரிக் கெடுபிடி தேவையில்லை என்பதை ஏற்கலாம்.

ஆகவே தமிழ்நாடு காவல்துறை தொடங்க வேண்டிய இடம் ஓட்டுநரின் முன்னும் இருபக்கமும் உள்ள மூன்று கண்ணாடிகள். உட்கோட்டத்துக்கு ஓர் ஒளியளவுக் கருவி, அளந்த எண் அச்சாகும் சலான், 2021 திருத்தத்தை எப்படிப் படிப்பது என்று தெளிவாகச் சொல்லும் ஒரு சுற்றறிக்கை ஆகியவை அதற்குப் போதும். முதலில் அளக்க வேண்டியவை ஒன்றிய அலுவலக வளாகத்திலும் காவல் நிலைய வாசலிலும் நிற்கும் அரசு வண்டிகள். அவற்றின் எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அதற்கு அடுத்த நாள் வேப்பமர நிழலில் நின்று கைகாட்டினால், இருண்ட ஸ்கார்ப்பியோவை நிறுத்தும் எஸ்.ஐ.க்குச் சொல்ல ஒரு வார்த்தை கையில் இருக்கும்: “எங்க வண்டியையும் அளந்தாச்சு, கண்ணாடிய இறக்குங்க சார்.”