புவிக்காந்தப் புயலும் வானொலி ஏற்பும்

புவிக்காந்தப் புயல் என்பது சூரியக் காற்றின் தாக்கத்தால் புவியின் காந்தப்புலத்தில் ஏற்படும் கடுங்குலைவு ஆகும். இது நெடுந்தொலைவு வானொலி ஏற்பைப் பல மணி நேரமும், சிலவேளை ஓரிரு நாட்களும் பாதிக்கின்றது.

சிற்றலைகள் (3–30 மெகாஹெர்ட்ஸ்) அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கினால் தரைக்குத் திருப்பப்படுவதாலேயே கண்டம் கடந்து கேட்கின்றன. புயலின்போது நடு, உயர் அகலாங்குகளில் இவ்வடுக்கின் எதிர்மின்னி அடர்த்தி பெரும்பாலும் குறைவதால், உயர் அதிர்வெண் அலைகள் திரும்பாது விண்வெளிக்குச் சென்றுவிடுகின்றன. துருவங்களை அண்டிய பகுதிகளிலோ மின்னேற்றத் துகள்கள் கீழிறங்கி டி அடுக்கின் அயனியாக்கத்தைக் கூட்டுகின்றன. அங்கு தாழ் அதிர்வெண் அலைகள் உறிஞ்சப்படுகின்றன.

குலைவின் அளவை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரையான கே சுட்டெண் காட்டுகின்றது. உலகளாவிய கே சுட்டெண் (கேபி) 5 ஐ எட்டினால் அது புயலாகக் கொள்ளப்படும்.

புயல் எல்லா நேயர்களுக்கும் இழப்பன்று. வட ஐரோப்பாவில், துருவத்தை அண்டி வரும் வட அமெரிக்க மத்திய அலை நிலையங்கள் மறையும் இரவுகளில், அவற்றின் அடியில் அமுங்கியிருந்த தென் அமெரிக்க நிலையங்கள் கேட்பதுண்டு.

இதனைச் சூரியப் பிழம்பு வெடிப்பினால் உண்டாகும் வானொலி இருட்டடிப்புடன் குழப்பிக்கொள்ளலாகாது. வெடிப்பின் ஊடுகதிர்கள் சுமார் 8 நிமிடங்களில் வந்து, பகற்பக்கத்தை மட்டும் பாதிக்கும். புயலோ பொதுவாக 1 முதல் 3 நாட்கள் கழித்தே வரும், இரவிலும் நீடிக்கும். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி கரிபியன் தீவுகளைத் தாக்கியபோது இரண்டுமே நேர்ந்தன. 6 ஆம் நாள் வெடிப்பு, அவசரகாலச் சிற்றலைத் தொடர்பைப் பல மணி நேரம் முடக்கியது. 8 ஆம் நாள் கேபி சுட்டெண் 8 ஐ எட்டியது.