லிட்டர் கணக்கும் கதவுப் பிடியும்: விமான நிலையத் தீயணைப்புப் பயிற்சியின் வளர்ச்சி

விமான நிலையத் தீயணைப்புத் துறையின் வரலாறு பெரும்பாலும் வண்டிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தொட்டி பெருத்தது, வேகம் கூடியது, நுரையின் வீரியம் ஏறியது, ஆகவே உயிர்கள் பிழைத்தன என்று அது போகும். அதில் பொய் ஏதுமில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. 1980களில் நடந்த சில விபத்துகளில் வண்டிகள் வந்து நின்றன, தொட்டிகளில் நுரை இருந்தது, ஆயினும் விமானத்துக்குள் இருந்தவர்கள் மாண்டார்கள். அவற்றின் விசாரணை முடிவுகளை அருகருகே வைத்துப் படித்தால் ஒரு போக்கு புலப்படுகிறது. தண்ணீர், நுரை, நிமிடம் என அளக்க முடிந்தவற்றைச் சர்வதேச விதிகள் முதலில் பிடித்துக்கொண்டன. வண்டியிலிருந்து இறங்குபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியோ சாவுகளுக்குப் பிறகே எழுந்தது. இந்தப் பின்தங்கல் தற்செயலாக நேர்ந்ததன்று, விதிகள் வகுக்கப்பட்ட முறையிலேயே அது இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் சிக்கல் உண்மையிலேயே வேதியியல் சார்ந்ததாக இருந்தது. எரியும் எண்ணெய்யின் மீது தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் அடியில் இறங்கும், எண்ணெய் மேலே மிதந்து எரியும். பாகூ எண்ணெய் வயல்களின் தீயைக் கண்ட ரஷ்யரான அலெக்சாண்டர் லோரன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு விடையாக நுரையைக் கண்டுபிடித்தார். அடுத்து விலங்குகளின் கொம்பு, குளம்பு ஆகியவற்றின் புரதத்திலிருந்து காய்ச்சிய நுரை வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னரும் விமான நிலையங்கள் நம்பியிருந்தது இதைத்தான். கம்பளிபோல் கனமாக மூடும், ஆனால் மெதுவாகப் பரவும். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் உருவாக்கிய ஃப்ளோரின் கலந்த நுரை, எண்ணெய்யின் மேல் மெல்லிய நீர்ப்படலமாக ஓடிப் பரவியது. புரத நுரைக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 8.2 லிட்டர் கரைசல் தேவை என்று கணக்கிட்டவர்கள், புதியதற்கு 5.5 லிட்டர் போதும் என்றார்கள். இந்த ஒரு தசம எண்ணின் விளைவு பெரிது. விமானங்களின் அளவை ஒட்டி நிலையங்களை வகைப்படுத்தும் சர்வதேச அட்டவணையில் 9ஆம் வகை நிலையம் வைத்திருக்க வேண்டிய தண்ணீர் பழைய நுரைக்கு 36,400 லிட்டர், புதியதற்கு 24,300 லிட்டர். ஏறத்தாழ ஒரு பெரிய வண்டியின் சுமை மிச்சமானது. நிர்வாகங்கள் இதை விரும்பியதில் வியப்பில்லை.

1970களின் முதல் ஆண்டுகளில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான இக்காவோ கூட்டிய வல்லுநர் குழு, இத்துறையின் கடமைக்கே புதிய இலக்கணம் வகுத்தது. தீ முழுவதையும் அணைப்பது இலக்காக இருக்க வேண்டியதில்லை, விமானத்தின் உடற்கூட்டைச் சுற்றியுள்ள ஒரு செவ்வகப் பரப்பைக் கட்டுக்குள் வைத்தால் பயணிகள் வெளியேற முடியும் என்பது அதன் கருத்து. விமானத்தின் நீளத்தையும் உடற்கூட்டின் அகலத்தையும் கொண்டு அப்பரப்பு கணக்கிடப்பட்டது. நடந்த விபத்துகளின் அனுபவத்தை ஒட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கே நடைமுறைக்குரியது என்று கொள்ளப்பட்டது. அந்தப் பங்கை ஒரு நிமிடத்தில் அடக்கத் தேவையான தண்ணீர் ஒரு கூறு, அடக்கியதை அப்படியே வைத்திருக்கத் தேவையானது மற்றொரு கூறு. இன்றும் 1 முதல் 10 வரையிலான வகைகள் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. 737-800 விமானம் 7ஆம் வகையில் வரும், மிகப் பெரியவை 10ஆம் வகையில். இதை ஒரு அறிவுத்துறைச் சாதனை என்றே மதிப்பிடுகிறேன். உயிரைக் காப்பதே முதன்மை நோக்கம் என்ற சொல்லுக்கு எண்களால் உருவம் கொடுத்தது அது. ஆனால் அந்தச் செவ்வகம் விமானத்துக்கு வெளியே வரையப்பட்டது. உள்ளே எரியும் தீக்கு அதில் இடமில்லை.

1980 ஆகஸ்ட் 19 அன்று ரியாத்தில் இந்த இடைவெளி வெளிப்பட்டது. சரக்கறையில் தீ எழுந்த சவூதியா 163 டிரைஸ்டார் விமானம் திரும்பிவந்து பத்திரமாக இறங்கியது, ஓடுபாதையை விட்டு விலகி நின்றது. அதில் இருந்த 301 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பழியின் பெரும்பகுதி விமானி அறைக்கு உரியது. வெளியேறும்படி உடனே ஆணை பிறக்கவில்லை, நின்ற பிறகும் என்ஜின்கள் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன, அவை ஓடும்போது எவரும் நெருங்க முடியாது. ஆனால் என்ஜின்கள் அணைந்த பிறகு முதல் கதவு திறக்கப்பட 23 நிமிடங்கள் பிடித்தன. வண்டிகள் அங்கேயே இருந்தன. அந்த ரகக் கதவை வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்ற அறிவுதான் இல்லை. அட்டவணை கேட்ட எதுவும் அந்தக் கதவுப் பிடிக்கு ஈடாகவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1983 ஜூன் 2 அன்று சின்சினாட்டியில் ஏர் கனடா 797 இறங்கியது. பின்பக்கக் கழிவறையருகே தொடங்கிய தீ புகையாய்க் கூடமெங்கும் நிறைந்திருந்தது. கதவுகள் திறந்து காற்று புகுந்த 60 முதல் 90 நொடிகளில் கூடம் முழுதும் ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் மாண்டனர். 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரில், புறப்பாட்டை நிறுத்திய பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் 737 விமானத்தைத் தீயணைப்பு வண்டிகள் ஒரு நிமிடத்துக்குள் எட்டிவிட்டன. எந்த அளவுகோலிலும் அது சிறப்பான வேகம். ஆயினும் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நச்சுப்புகையால். என்ஜினிலிருந்து சிதறிய துண்டு இறக்கைத் தொட்டியைத் துளைத்தது, காற்று தீயை உடற்கூட்டின் மேல் தள்ளியது. அலுமினியத் தோல் அந்த வெப்பத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

இங்கே மூன்று கடிகாரங்களை ஒப்பிட வேண்டும். முதல் வண்டி நுரை பீய்ச்சத் தொடங்க இக்காவோ தரும் உச்ச அவகாசம் 3 நிமிடம், விரும்பத்தக்க இலக்கு 2 நிமிடம். புதிய விமானத்தின் பயணிகள் பாதிக் கதவுகள் வழியே வெளியேறிக் காட்ட அமெரிக்க விதி 1967 முதல் தரும் அவகாசம் 90 நொடி. வெளித்தோல் தாங்குவது அதனினும் குறைவு. அப்படியானால் வண்டி கெடுவுக்குள் வந்தாலும், கால் உள்ளவர்கள் அதற்கு முன்பே இறங்கியிருப்பார்கள். மிஞ்சுபவர்கள் மயங்கியோர், காயம்பட்டோர், இருக்கையில் சிக்கியோர், வழியறியாது புகையில் நிற்போர். அவர்களை வெளியிலிருந்து பீய்ச்சும் நுரை மட்டும் மீட்காது. மூச்சுக்கருவி அணிந்து, இருளில் இருக்கை வரிசையைக் கையால் தடவி எண்ணிக்கொண்டு உள்ளே போகும் ஒருவர் வேண்டும். விதிகளின் சொந்தக் கணக்கே இந்த முடிவுக்குத் தள்ளுகிறது, அதை விதிகள் எண்ணாக்கவில்லை என்பதே முரண். விமான நிலையங்களுக்கான இக்காவோவின் விதித்தொகுப்பான 14ஆம் இணைப்பு தண்ணீரை லிட்டரிலும் பாய்ச்சலை நிமிடக் கணக்கிலும் வகை வகையாய் விதிக்கிறது. பயிற்சியைப் பற்றியோ, எல்லோரும் முறையாகப் பயிற்றப்பட வேண்டும், அழுத்தத்தில் பீறிடும் எரிபொருள் தீ உட்பட நேரடித் தீயில் பழக வேண்டும் என்கிறது. அங்கே அளவு சொல்வது ‘முறையாக’ என்ற ஒரே சொல்தான். எந்தெந்தப் பாடங்கள் என்ற பட்டியல் உண்டு, எத்தனை முறை என்பது இல்லை. அமெரிக்க விதி 139 பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையாவது நேரடித் தீப் பயிற்சி என்று வரையறுக்கிறது. அதுவும் கீழ் எல்லையே.

திறமையை எண்ணில் அடக்க முடியாது, அதனால்தான் விதி அடக்கவில்லை என்று மறுப்பு வரலாம். அதே விமானத் துறையில் விமானிகளின் திறமை எண்ணில்தான் அடங்கியிருக்கிறது. 90 நாட்களுக்குள் மூன்று புறப்பாடும் மூன்று இறக்கமும் செய்யாத விமானி பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. எண் திறமையை உண்டாக்குவதில்லை, ஆனால் அது கரைந்துபோகும் வேகத்தைத் தடுக்கும். தீயணைப்பாளருக்கோ இது இன்னும் கூடுதலாகத் தேவை, ஏனெனில் முப்பது ஆண்டுப் பணியில் ஒரு பெரிய விபத்தைக்கூடக் காணாமல் ஓய்வுபெறுவோரே மிகுதி. அனுபவம் கற்பிக்காத தொழிலில் பயிற்சி ஒன்றே ஆசான்.

இன்னும் வலுவான மறுப்பு ஹனேடாவிலிருந்து வருகிறது. 2024 ஜனவரி 2 அன்று கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350-இல் இருந்த 379 பேரும் தப்பினர். அவர்களை இறக்கியவர்கள் பணிப்பெண்களும் விமானிகளும், தாங்கிநின்றது கூட்டுப்பொருள் உடற்கூடு. தீயோ பல மணிநேரம் எரிந்து விமானத்தையே விழுங்கியது. அப்படியென்றால் உயிர் காப்பது விமான வடிவமைப்பும் பணியாளர்களும்தானா? அங்கே ஆம். ஆனால் அந்த இறக்கத்தில் உடற்கூடு முறியவில்லை, எல்லோராலும் நடக்க முடிந்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தபோது தீயே பற்றவில்லை, ஆனால் 190 பேரில் 21 பேர் இறந்தனர். சிக்கியவர்களை வெளியே எடுப்பதே அங்கே வேலை. அந்த வகை விமானத்தின் உள்ளமைப்பில் தீயணைப்புக் குழுவுக்குப் போதிய பழக்கம் இல்லாததை விசாரணை சுட்டிக்காட்டியது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போய் 2016 ஆகஸ்ட் 3 அன்று தரைதட்டிய எமிரேட்ஸ் 521-இல் 300 பேரும் உயிர் தப்பினர். சில நிமிடங்களில் மைய எரிபொருள் தொட்டி வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். 2013-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஏசியானா விபத்தில் வெளியே தூக்கி எறியப்பட்டு நுரையால் மூடப்பட்டுக் கிடந்த பயணி ஒருவர்மேல் இரண்டு தீயணைப்பு வண்டிகள் ஏறின. நுரையும் வேகமும் குறைவின்றி இருந்த இடம் அது.

பயிற்சிக்கு ஒரு விலையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஃப்ளோரின் நுரையின் வேதிப்பொருள்கள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சிதையாமல் நிற்பவை. விபத்து எப்போதோ நடக்கும், ஒத்திகை அடிக்கடி நடக்கும். எனவே பல நாடுகளில் நஞ்சு தேங்கியது விபத்துக் களங்களைவிடப் பயிற்சித் திடல்களில்தான். அவ்வேதிப்பொருள்களில் பிஎஃப்ஓஎஸ் 2009-இலும், பிஎஃப்ஓஏ 2019-இலும், சிதையாத கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டன. தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய்க் காரணியாக உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. இதைக் காட்டிப் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்போர் காரணத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். குறைக்க வேண்டியது நஞ்சு நுரையை. ஃப்ளோரின் இல்லாத நுரைகள் வந்துவிட்டன, எண்ணெய்க் குழிக்குப் பதில் எரிவாயுவில் எரியும் மாதிரி விமானங்களும் வந்துவிட்டன. தவிர, கதவு திறக்கவும் இருளில் வரிசை எண்ணவும் ஒரு துளி நுரையும் தேவையில்லை.

ஒரு வண்டி பழுதானால் விமான நிலையம் தன் தீயணைப்பு வகை குறைந்துவிட்டது என்று விமானிகளுக்கு அறிவிப்பு வெளியிடுகிறது, பெரிய விமானங்கள் அங்கே இறங்குமுன் யோசிக்கின்றன. நேரடித் தீப் பயிற்சியின் கெடு தவறிய குழுவுக்கும், தன் நிலையத்துக்கு வந்துபோகும் விமானத்தின் கதவை ஓராண்டாகத் தொட்டுத் திறந்திராத குழுவுக்கும் அதே அறிவிப்பு பொருந்த வேண்டும். 14ஆம் இணைப்பில் அந்த ஒரு வரியைச் சேர்க்க இந்திய விமானப் போக்குவரத்துத் துறை முன்மொழியலாம். கோழிக்கோட்டு அறிக்கையை வைத்திருக்கும் நாட்டுக்கு அதற்கான காரணம் கையிலேயே இருக்கிறது.