தொலைக்காட்சி நாடகமும் விஞ்ஞான உண்மையும்

விஞ்ஞானப் புனைகதையை நாடகமாக்கித் தொலைக்காட்சியிற் காட்டும் முயற்சி ஏறக்குறையத் தொலைக்காட்சியளவு வயதுடையது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இலண்டன் நகரில் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடக்கியது 1936 நவம்பரிலாகும். 1938 பெப்ரவரி 11 ஆம் திகதி செக் நாட்டு ஆசிரியர் கரெல் சாப்பெக் இயற்றிய 'ஆர். யூ. ஆர்.' என்னும் நாடகத்தின் ஒரு பகுதி, முப்பத்தைந்து நிமிட அளவினதாகச் சுருக்கப்பட்டு, அங்கிருந்து ஒளிபரப்பப்பட்டது. 'றோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது அந்நாடகமே. சாப்பெக் படைத்த றோபோக்கள் இரும்பாலான பொறிகளல்ல. இரசாயன முறையால் ஆக்கப்பட்ட உடல்கள். அவற்றைத் தகரத்தால் வனைந்தவர்கள் பின்வந்தோர்.

இத்தகைய நாடகங்களைப் பற்றி இருவகை முறைப்பாடுகள் தொடக்கந்தொட்டே எழுந்து வருகின்றன. விஞ்ஞானங் கற்றோர், இயற்கை விதிகள் அரங்கிலே திரிக்கப்படுகின்றன என்பர். நாடகம் வல்லோர், விதிகளைக் கட்டிக்கொண்டு அழுதால் கதை நடவாது என்பர். நாடக வழக்கென்றும் உலகியல் வழக்கென்றும் இரண்டினைப் பகுத்துணர்ந்து, புலவரின் நெறி அவ்விரண்டையும் தழுவியது எனக் கண்ட தொல்காப்பியருக்கு இவ்வழக்குப் புதுமையாய்த் தோன்றியிராது. எனினும் எந்த அளவிற்கு எதனைத் தழுவுதல் தகும் என்பது ஒவ்வொரு காலத்திலும் செய்து பார்த்தே அறியவேண்டியதாயிற்று. விஞ்ஞானத்தை மதியாது எழுதப்பட்ட தொடர்கள் பெரும்பாலும் மாந்தரையும் மதியாது எழுதப்பட்டவையே என்பது அவ்வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும். ஆயினும் இதற்குப் புறனடையாக நிற்பதொன்று, இத்துறையின் முதற் பெருநாடகமாகவே அமைந்துவிட்டது.

அது 'குவாட்டர்மாஸ் பரிசோதனை'. நைஜல் நீல் எழுதி, ஒஸ்திரியாவிற் பிறந்த றூடொல்ப் கார்ட்டியர் நெறிப்படுத்திய இந்நாடகம் 1953 யூலை 18 முதல் ஓகத்து 22 வரை ஆறு வாரங்கள் நிகழ்ந்தது. நடிகர் நடிக்க நடிக்கவே அது வீடுகளிற் காணப்பட்டது. பிழைத்த இடத்தைத் திருத்த வழியில்லை. முதலிரு பகுதிகளே பதிவாகி எஞ்சியுள்ளன. தலைமைப் பாத்திரத்தின் குடும்பப் பெயரை நீல் இலண்டன் தொலைபேசி விவரக்கொத்திலிருந்து எடுத்தார். பேர்ணாட் என்ற முற்பெயரை வானொலி வானியலறிஞர் பேர்ணாட் லொவலிடமிருந்து எடுத்தார். மூவர் ஏறிய விண்கலம் ஒன்று வழிதவறிச் சென்று மீண்டு வருகின்றது. உள்ளே ஒருவரே இருக்கிறார். மற்ற இருவருடைய உடைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. மீண்டவருடைய உடலில் மூவருடைய அறிவும் கலந்திருப்பதும், அவ்வுடல் மெல்ல மெல்லத் தாவர இயல்புடைய வேறொன்றாக மாறுவதும் பின்னர்த் தெரியவருகின்றன.

முதலாவது செயற்கைக் கோள் பறந்தது 1957 ஒக்டோபர் 4 ஆம் திகதி. யூரி ககாரின் விண்ணிற் சென்றது 1961 ஏப்பிரல் 12 ஆம் திகதி. ஆகலின் 1953 இல் விண்கலம் பற்றி எழுதியவர் அனைத்தையும் ஊகித்தே எழுதவேண்டியிருந்தது. மனித உடல் கள்ளிச் செடியுடன் ஒன்றாதல் எந்த உயிரியல் நூலுக்கும் ஒவ்வாது. ஆனால் நீல் அந்த ஒரு பொய்யை மட்டுமே வேண்டிக் கொண்டார். அதனைக் கொடுத்தபின் எஞ்சியனவெல்லாம் காரண காரிய முறை வழுவாது செல்கின்றன. விஞ்ஞானிகள் ஐயுறுகின்றனர், சோதிக்கின்றனர், பொறுப்பை எண்ணி அஞ்சுகின்றனர். இறுதிக் காட்சி வெஸ்ட்மின்ஸ்ரர் தேவாலயத்தில் நிகழ்கின்றது. அங்கே பெருவிலங்காய்த் தோன்றியவை, தேவாலயத்தின் பெரிதாக்கிய படமொன்றின் துளை வழியாக நீட்டப்பட்ட நீலின் சொந்தக் கைகளே; தழைகள் ஒட்டிய கையுறைகளை அவர் அணிந்திருந்தார். அதன்முன் நின்று, அதனுள்ளே அமிழ்ந்துபோன மூன்று மனிதரையும் விளித்து, மனிதராய் நின்று அதனை எதிர்க்குமாறு குவாட்டர்மாஸ் வேண்டுகிறார். அவ்வேண்டுகோளே அதனை அழிக்கின்றது.

1955 இல் இக்கதை திரைப்படமானபோது முடிவு மாற்றப்பட்டது. இலண்டனின் மின்சாரத்தைத் தேவாலயத்துச் சாரங்களிற் பாய்ச்சி அப்பிராணியைக் கொன்றனர். பௌதிக நூலோடு ஒப்பிட்டால் திரைப்படத்தின் முடிவே நம்பத்தக்கது; எந்த உயிரும் மின்சாரத்தால் இறக்கும். ஆனால் முந்திய ஐந்து வாரமும் எழுப்பப்பட்ட வினா, அவ்வுடலுக்குள் மனிதன் இன்னும் இருக்கின்றானா என்பதாகும். மின்சாரம் அதற்கு விடை கூறவில்லை. விஞ்ஞானச் செம்மையும் எழுத்தின் செம்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தலரிது.

நீல் எழுதிய மூன்றாவது நாடகமாகிய 'குவாட்டர்மாஸும் குழியும்' 1958 டிசெம்பரிலும் 1959 யனவரியிலும் காட்டப்பட்டது. செவ்வாய்க் கோளத்தவர் ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நம் மூதாதையரின் மூளையிற் செய்த மாற்றமே மனிதரிடையே வேற்றினத்தவரை வெறுக்கும் வெறியாக எஞ்சியிருக்கின்றது என்பது அதன் கரு. அவ்வாண்டு கோடையில் இலண்டன் நொட்டிங் ஹில் பகுதியிலே கறுப்பினத்தவர் மீது கலகம் நிகழ்ந்திருந்தது. 1965 யூலையில் மரினர் 4 என்னும் கலம் அனுப்பிய படங்கள் செவ்வாயைக் குழிகள் நிறைந்த பாழ்நிலமாகக் காட்டின. நாடகத்தின் செவ்வாய் அன்றோடு பொய்யாயிற்று; அது பேசிய வெறுப்பு பொய்யாகவில்லை.

நீல் விஞ்ஞானியல்லர். விஞ்ஞானி ஒருவரே நாடகம் எழுதினால் என்ன நிகழும் என்பதை 1961 இல் பார்வையாளர் கண்டனர். கேம்பிரிட்ஜ் வானியலறிஞர் பிரெட் ஹொயிலும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜோன் எலியட்டும் இணைந்து எழுதிய 'ஆந்திரமேதா' என்னும் தொடர் ஒக்டோபர் 3 முதல் நவம்பர் 14 வரை ஏழு பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஹொயில் சாமானியரல்லர். காபன் முதலிய மூலகங்கள் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்படுமாற்றை விளக்கியவர்களுள் முதல் வரிசையில் வைத்தெண்ணப்படுபவர். தாம் ஏற்றுக்கொள்ளாத அண்டத் தோற்றக் கொள்கைக்குப் 'பெருவெடிப்பு' என்று 1949 இல் வானொலிப் பேச்சொன்றில் பெயரிட்டவரும் அவரே. மறுத்தவர் இட்ட பெயரே கொள்கைக்கு நிலைத்துவிட்டது.

அத்தொடரின் கருவிலே ஒரு நுட்பமான கணக்கு அடங்கியிருக்கின்றது. விண்மீன்களுக்கிடையே உடலோடு பயணஞ் செய்வதற்கு ஆகும் காலமும் ஆற்றலும் மிகப் பெரியவை. செய்தியோ ஒளியின் வேகத்திற் செல்லும். ஆகவே தொலைவிலுள்ள அறிவுடையோர் கலம் அனுப்பார். ஒரு கணினியை அமைக்கும் விதிகளையே வானொலி அலையில் அனுப்புவர். அவ்விதிகளின்படி இங்குள்ளோரே கணினியைக் கட்டுவர். அக்கணினி இங்கேயே ஓர் உயிரை ஆக்கும். படையெடுப்பு நிகழ்ந்துவிடும், எவரும் வந்திருக்கமாட்டார். கொக்கோனியும் மொறிசனும் விண்மீன்களிடையே வானொலிச் செய்தி தேடுதல் கூடும் என்று 'நேச்சர்' ஏட்டில் எழுதியது 1959 இல். பிராங் டிரேக் அமெரிக்காவிலே முதற்றேடலை நடாத்தியது 1960 இல். உயிரணுவின் குறிமொழியில் முதற் சொல்லை நிரன்பேர்க்கும் மத்தேயும் வாசித்ததோ 1961 ஆம் ஆண்டிலேயே. அன்றைய ஆய்வுக்கூடங்களுக்கு இத்துணை அண்மையில் நின்ற நாடகம் அதற்கு முன் தோன்றவில்லை.

குறையும் இல்லாமலில்லை. பாத்திரங்கள் பல இடங்களில் விரிவுரையாற்றுகின்றன. எலியட்டின் துணையின்றேல் நாடகம் கரும்பலகையாகவே முடிந்திருத்தல் கூடும். கணினி ஆக்கிய பெண்ணாக வந்த யூலி கிறிஸ்ரி, அன்று பெரிதும் அறியப்படாதவர், அவ்வறிவுக் கட்டடத்திற்கு முகம் கொடுத்தார். மனிதர் அவளை நோகச் செய்யும்போதும், கணினி அவளை நோகச் செய்யும்போதும், அவள் எப்பக்கத்தவள் என்ற ஐயம் காண்போரைப் பற்றிக்கொள்கின்றது. ஏழு பகுதிகளில் முழுமையாக எஞ்சியிருப்பது ஆறாவது ஒன்றே.

ஆசிரியத் தொழிலோர்க்கு 'டொக்டர் ஹூ' என்னும் தொடரின் தொடக்கம் சுவை பயக்கும். 1963 நவம்பர் 23 ஆம் திகதி தொடங்கிய அத்தொடரில், காலத்தைக் கடந்து செல்லும் முதியவரோடு செல்பவர்கள் அவருடைய பேர்த்தியும், பள்ளி ஆசிரியர் இருவருமாவர். ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர், மற்றவர் வரலாறு கற்பிப்பவர். விஞ்ஞானமும் வரலாறும் சிறுவர் மனத்தில் மாறிமாறிப் பதியவேண்டும் என்பதே சிட்னி நியூமன் முதலானோரின் திட்டம். புடைத்த கண்ணுடைய பூதங்கள் வேண்டா என்றும் நியூமன் விலக்கியிருந்தார். ஐந்தாம் வாரமே 'டாலெக்' என்னும் பூதங்கள் வந்து சேர்ந்தன. நாடெங்கும் அவற்றின் பேச்சே பேச்சாயிற்று. ஆசிரியர் இருவரும் 1965 யூனில் வீடு திரும்பினர்.

அத்தொடருக்கு 1966 இல் ஆலோசகராக வந்த கிற் பெட்லர் இலண்டனிற் கண்ணியல் நிறுவகமொன்றில் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் பிரிவை நடாத்திய மருத்துவ விஞ்ஞானி. எழுத்தாளர் ஜெரி டேவிசுடன் சேர்ந்து, உறுப்புக்களை ஒவ்வொன்றாய்ப் பொறிகளாக மாற்றி ஈற்றில் உணர்வையும் இழந்த மனிதக் கூட்டமொன்றை அவர் படைத்தார். பின்னர் 1970 பெப்ரவரி 9 ஆம் திகதி அவ்விருவரின் 'டூம்வொச்' தொடங்கியது. பிற கோளத்தவர் எவரும் அதில் இல்லை. விஞ்ஞானத்தின் விளைவுகளைக் கண்காணிக்கும் ஓர் அரசாங்கத் திணைக்களமும், அணுகுண்டு ஆக்கிய பணியிற் பங்குகொண்ட குற்றவுணர்வோடு அதனை நடாத்தும் ஒரு விஞ்ஞானியுமே அதில் உள்ளனர். முதற் கதையிலே, பிளாஸ்டிக்கைக் கரைத்துண்ணும் நுண்ணுயிர் ஆய்வுகூடத்திலிருந்து தப்பி ஓர் ஆகாய விமானத்தின் மின்கம்பிகளின் உறையைத் தின்று அதனை வீழ்த்துகின்றது.

2016 இல் யப்பானிய ஆய்வாளர், போத்தல் செய்யும் பிளாஸ்டிக்கை உணவாகக் கொள்ளும் பற்றீரியா ஒன்றைச் சாக்காய் நகரிலே கண்டறிந்ததாக அறிவித்தனர். 30 பாகை வெப்பத்தில் மெல்லிய படலமொன்றை அது தின்று முடிக்க ஆறு வாரம் சென்றது. பெட்லரின் நுண்ணுயிர் சில மணி நேரத்தில் முடித்த வேலை அது. வேகத்தை மிகைப்படுத்தியது நாடகத்தின் உரிமை. ஆயின் அத்தொடரை அன்று மக்கள் மறவாததற்குக் காரணம் நுண்ணுயிர் மட்டுமன்று. முதல் ஆண்டின் இறுதிக் கதையில், பார்வையாளர் பெரிதும் விரும்பிய இளம் விஞ்ஞானி குண்டொன்றைச் செயலிழக்கச் செய்யும் முயற்சியில் இறந்துபடுகிறான். அடுத்த வாரம் அவன் பிழைத்து எழவில்லை. விதிகளை மதிப்பவர் மரணத்தையும் மதிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1966 செப்டெம்பர் 8 ஆம் திகதி தொடங்கிய 'ஸ்ரார் ட்ரெக்' வேறொரு வழியிற் சென்றது. ஜீன் றொடன்பெரி, கதைகளைச் சரிபார்க்க ஆய்வு நிறுவனத்தையும் அமர்த்தினார்; ஸ்ரேர்ஜன், எலிசன், மத்திசன் போன்ற தேர்ந்த எழுத்தாளரையும் அழைத்தார். மனிதரை அணுவணுவாய்க் கரைத்து வேறிடத்தில் மீட்கும் கருவி விஞ்ஞானத்தாற் பிறந்ததன்று. வாரந்தோறும் கலத்தைத் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாமையாற் பிறந்தது. ஐசாக் அசிமோவ் 1966 இலேயே தொலைக்காட்சியின் விண்வெளிப் பிழைகளை எள்ளி எழுதினார். பின்னர் றொடன்பெரியின் நண்பராகி ஆலோசனையும் கூறினார். பிழையைக் கண்டும் நண்பராதற்குக் காரணம், அத்தொடர் கேட்ட வினாக்கள் நேர்மையானவை என்பதேயாதல் வேண்டும்.

அதன் வழித்தோன்றலாக 1987 இல் எழுந்த தொடரில் நிலைமை சரிந்தது. எழுத்தாளர் உரையாடலை எழுதிச் செல்வர். விஞ்ஞானச் சொல் வேண்டிய இடத்தில் 'தொழினுட்பம்' என்று மட்டும் குறித்து வெற்றிடம் விடுவர். ஆலோசகர் பின்னர் ஏதேனுமொரு நீண்ட பெயரால் அதனை நிரப்புவார். நிரப்பிய சொல் சரியானதாகவும் இருக்கலாம். ஆனால் எச்சொல்லை இட்டாலும் கதை மாறாதெனின், அங்கே விஞ்ஞானம் உண்மையில் இல்லை, ஆபத்தும் இல்லை. ஏனெனில் நாயகர் அகப்பட்ட ஆபத்தும் ஒரு வெற்றுச்சொல், அவர் தப்பிய வழியும் ஒரு வெற்றுச்சொல்.

இதனினும் இழிந்த நிலை 1975 இல் தொடங்கிய 'விண்வெளி: 1999' இற் காணப்பட்டது. அணுக்கழிவு வெடித்துச் சந்திரன் தன் பாதையினின்றும் பெயர்ந்து, வாரம் ஒரு புதிய உலகை அடைகின்றது. மிக அண்மையிலுள்ள விண்மீனுக்குச் செல்ல ஒளிக்கே நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். மக்கள் இதனைப் பொறுத்திருக்கவும் கூடும். ஆனால் அவர்கள் 1969 யூலையில் உண்மையான சந்திரப் பயணத்தைத் தங்கள் வீட்டிலிருந்தே பார்த்திருந்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியொன்றில் அதனை விளக்கியோருள் ஆர்தர் சி. கிளாக்கும் ஒருவர், 1956 தொட்டு நம் நாட்டில் வாழ்ந்து 2008 இல் கொழும்பிற் காலமானவர்.

2015 டிசெம்பரில் தொடங்கி 2022 யனவரியில் முடிவுற்ற 'எக்ஸ்பான்ஸ்' என்னும் தொடரை நடாத்தியவர் நரேன் சங்கர். கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பிரயோக பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், முன்னர் 'ஸ்ரார் ட்ரெக்' தொடரில் அவ்வெற்றிடங்களை நிரப்பிய ஆலோசகர்களுள் ஒருவராயிருந்தவர். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்னும் புனைபெயரில் இருவர் எழுதிய நாவல்களிலிருந்து பிறந்த இத்தொடரிலே கலங்கள் அடுக்குமாடிக் கட்டடம்போல் அமைந்துள்ளன. இயந்திரம் உந்தும் திசைக்கு எதிர்ப்புறமே தரையாகும். உந்தல் நின்றால் நிறையும் நின்றுவிடும். பாதி வழியிற் கலத்தை முன்பின்னாகத் திருப்பி, விரைந்த அளவு நேரம் தடுத்தல் வேண்டும். சுழலும் சிறுகோளினுள்ளே ஊற்றப்படும் மது நேரே விழாது சாய்ந்து விழுகின்றது. சீறிஸ் என்னும் கோளை அவ்வேகத்திற் சுழற்றினால், புவியினதில் முப்பதில் ஒரு பங்கிலும் குறைந்த அதன் ஈர்ப்பு அதனைச் சிதறாது பிடித்துவைக்க வல்லதன்று. விண்வெளியிற் கேளாத ஓசையும் இத்தொடரிற் கேட்கின்றது. இவை இரண்டும் அறிந்தே கொள்ளப்பட்ட சலுகைகள்.

முதற் பகுதியில் வரும் விசாரணைக் காட்சி ஒன்றில், சிறுகோள்களிடையே பிறந்து மெல்லிய எலும்புகளோடு நெடிது வளர்ந்த இளைஞன் ஒருவன் புவிக்குக் கொண்டுவரப்பட்டுக் கொக்கிகளிலே தொங்கவிடப்படுகிறான். அவனை எவரும் அடிப்பதில்லை. கருவி எதுவும் தீண்டுவதில்லை. வினவுபவர் எதிரே அமைதியாக நிற்கிறார். நாம் ஒவ்வொருவரும் உணராமலே சுமந்து திரியும் புவியீர்ப்பு அவனுடைய நெஞ்சை அழுத்தி மூச்சைத் தடுத்துக்கொண்டிருக்கின்றது.