தூத்துக்குடித் துறையில் பூத்த இரக்கம்

1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். திருச்செந்தூருக்கு வடக்கேயுள்ள தூத்துக்குடித் துறைமுகமும் அவர் படையினர் வசமாயிற்று. கும்பினியார் அவர்களைக் கலகக்காரர் என்றனர்.

துறைமுகத்தில் சிறைப்பட்ட வெள்ளை அதிகாரியின் மனைவி பாஞ்சாலங்குறிச்சிக்கே சென்று மன்றாடினார், கணவர் விடுவிக்கப்பட்டார். கும்பினிப் படையில் நின்று போரிட்ட வெல்ஷ் என்பாரே இதைப் பதிவு செய்தார் என்பது எண்ணத்தக்கது.

மே 24-இல் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். அண்ணனைத் தூக்குமரத்தில் பறிகொடுத்தவர் பகைவனின் மனைவிக்குக் காட்டிய இரக்கம் அவருக்குக் கிட்டவில்லை. வென்றவர் யாரென வரலாறு சொல்லிவிடுகிறது. மனிதராய் நின்றவர் யாரென்று நாம்தான் அதனிடம் கேட்டறிய வேண்டும்.