ஆனி தெற்கே வந்த வழி

மருத்துவக் கல்லூரிகளின் திறன் பயிற்சிக் கூடங்களில் மேசைமேல் ஒரு பெண் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கலாம். கண் மூடியிருக்கும், உதடு லேசாகப் பிரிந்திருக்கும். பெரும்பாலும் இடுப்போடு உடம்பு முடிந்துவிடும். ஊர் எதுவானாலும் மாணவர்கள் அவளை ‘டம்மி’ என்றுதான் சொல்கிறார்கள். அவளுக்குப் பிறக்கும்போது வைத்த பெயர் ரெசஸி ஆனி.

முகம் பாரிஸைச் சேர்ந்தது. 1880களின் கடைசியில் சேன் ஆற்றிலிருந்து எடுத்த அடையாளம் தெரியாத ஓர் இளம்பெண்ணின் உடலைப் பார்த்து, பிணவறைக்காரர் ஒருவர் மாவுக்கட்டில் அச்செடுத்தார் என்பது கதை. தண்ணீரில் கிடந்த உடலுக்கு இவ்வளவு தெளிந்த முகம் இருக்காது, உயிருள்ள யாரிடமோ எடுத்த அச்சு இது என்று மறுப்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி. எப்படியோ, அச்சின் நகல்கள் ஐரோப்பிய வீடுகளில் சுவர் அலங்காரமாகத் தொங்கின. நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்துப் பொம்மை வியாபாரி ஓஸ்மண்ட் லேர்டால் அதை உறவினர் வீட்டுச் சுவரில் பார்த்திருந்தார்.

1950களில் லேர்டால் மென்மையான பிளாஸ்டிக்கில் குழந்தைகளுக்கான பொம்மைகள் செய்துவந்தார். தண்ணீரில் மூழ்கிய தன் இரண்டு வயது மகனை அவரே தூக்கிக் காப்பாற்றிய அனுபவமும் அவருக்கு இருந்தது. அவரிடம் ஒரு பயிற்சிப் பொம்மை கேட்டு வந்தவர்கள் மயக்க மருந்து டாக்டர்கள்.

அதற்குக் காரணம் பால்டிமோரில் நடந்த ஒரு சோதனை. அதுவரை மூச்சு நின்றவரைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்குவதும் கையைத் தூக்கி இறக்குவதும்தான் முதலுதவி என்று கற்பித்துவந்தார்கள். அங்கிருந்த மயக்க மருந்து நிபுணர் பீட்டர் சாஃபர், தாமாக முன்வந்த மனிதர்களுக்கு மருந்து கொடுத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்தார். பிறகு வெவ்வேறு முறைகளில் மூச்சுக் கொடுத்துப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, வாயோடு வாய் வைத்து ஊதினால் நெஞ்சு ஏறியது. பழைய முறைகளில் காற்றுப் போதவில்லை. 1958இல் இது அச்சில் வந்தது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு சோதனைக்குக் கையெழுத்துப் போடாது. ஆனால் முடிவு வெளியான பிறகு ஒரு சிக்கல் எழுந்தது: ஊரெல்லாம் இதைக் கற்பிக்க வேண்டும், உயிருள்ளவர்மேல் பழக முடியாது. ஸ்டவாங்கரின் மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் லிண்ட் லேர்டாலிடம் போனது இதனால்தான். 1960இல் ஆனி பிறந்தாள். அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓடவைக்கும் முறை வெளியானது. சாஃபர் சொன்னபடி அவள் நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் ஏறியது.

அவளுக்குப் பிறகு வந்த ஒன்றுவிட்ட தங்கைகளெல்லாம் படித்தவர்கள். 1967இல் தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆப்ரகாம்சனும் டென்சனும் உருவாக்கிய ‘சிம் ஒன்’ கணினியில் இயங்கியது. கண் சிமிட்டும், கண்பாவை விரியும், ஊசி மருந்துக்கேற்ப நாடி மாறும். முதுநிலை மாணவர்கள் அதன் தொண்டையில் குழாய் போட்டுப் பழகினார்கள். செய்தது ஒன்றே ஒன்று. செலவு தாங்காமல் அந்த வம்சம் அதோடு நின்றது. இருபது ஆண்டு கழித்து ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா பொம்மையை விட்டு அறையைப் பார்த்தார். நிஜ அறுவை அரங்கு, நிஜக் கருவிகள், நடுவே பொம்மை. திடீரென்று இதயம் தடுமாறும். யார் கட்டளை இடுகிறார், யார் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார் என்று விமானிகளின் பயிற்சி போலக் கவனித்து, முடிந்ததும் உட்கார்ந்து பேசினார்கள். என் கணக்கில் இந்தப் பேச்சுதான் பயிற்சி. விலையுயர்ந்த பொம்மை அதற்கு ஒரு சாக்கு.

இனி தெற்கு. 1956இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை வந்தாலும் நோயாளிகள் இரண்டு பக்கமும் போய்வருகிறார்கள். பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் திருவனந்தபுரத்துக்கு நெரிசலான நெடுஞ்சாலை. மூளைக்கு ரத்தம் நின்றால் நாலைந்து நிமிடம்தான் பொறுக்கும். ஆம்புலன்ஸ் அதற்குள் வருவது கஷ்டம்; பக்கத்தில் நிற்பவர்தான் நெஞ்சை அமுக்க வேண்டும்.

இந்த எல்லையருகே காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி சோமர்வெல் பெயரைத் தாங்கி நிற்கிறது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர், எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924இல் இறங்கும் வழியில் உறைபனியால் வெந்த தொண்டைச் சவ்வு கழன்று அவர் மூச்சுக்குழாயை அடைத்தது. சாவதற்காகப் பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக இரண்டு கையாலும் தன் நெஞ்சைத் தானே ஓங்கி அமுக்கினார். அடைப்பு வெளியே வந்தது. நெஞ்சை அமுக்கும் முறை அச்சில் வருவதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு இது.

2019இல் வந்த புதிய பாடத்திட்டம் இந்தியாவின் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் திறன் பயிற்சிக் கூடத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 2017இல், இந்திய மயக்க மருந்து நிபுணர்கள் பொதுமக்களுக்கென்று ஒரு வழிமுறை வகுத்திருந்தார்கள்: வாயில் ஊத வேண்டாம், நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும். அறிமுகமில்லாதவர் வாயில் வாய் வைக்கக் கூசி, எதுவுமே செய்யாமல் நிற்பதைவிட இது மேல் என்பது கணக்கு. எந்த வாய்க்காக ஆனியைச் செய்தார்களோ, அந்த வாய்க்கு இந்தப் பொதுமக்கள் வகுப்பில் வேலை இல்லை. அவளுடைய ஸ்பிரிங்தான் உழைக்கிறது: ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் தண்ணீரில் மூழ்கியவருக்கும் சிறு குழந்தைக்கும் மூச்சும் வேண்டும். நெய்யாறும் குளங்களும் உள்ள ஊரில் அதைச் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

மயக்க மருந்து மாணவருக்கு மட்டும் பொம்மையின் வாய் இன்னும் முக்கியம். குழாயும் இறங்காமல், முகமூடி வழிக் காற்றும் ஏறாமல் போகும் தருணம் ஒரு டாக்டரின் வாழ்நாளில் ஓரிரு முறை வரலாம், வராமலும் போகலாம். அப்போது கழுத்தின் முன்பக்கம் கீறிக் காற்றுக்கு வழி செய்ய வேண்டும். அதைப் பழகப் பொம்மைக் கழுத்தை விட்டால் வேறு இடம் அதிகம் இல்லை. குழாய் போடும் பயிற்சிப் பொம்மைகள் சிலவற்றில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு: தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிஞ்சோஸ்கோப்பை நெம்புகோலாக்கி மேல்பல்லில் சாய்த்தால் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வராமல் குழாய் போடத் தெரிந்த பிறகுதான் முதலாண்டு மாணவரை அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டும் என்று துறைகள் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் புதுப் பொம்மை எதுவும் வாங்க வேண்டியதில்லை.