நத்தம்: குடியிருந்த மண்ணின் பெயர்

திருப்பூர்ப் பக்கம் வீட்டுமனை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "பட்டா பூமியா, நத்தமா?" என்றுதான். அங்கே நத்தம் என்பது பத்திரம் சார்ந்த சொல். அதே சொல்லை ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு மேட்டுக்கும் சொல்கிறோம். ஏர் உழுதால் கறுப்பும் சிவப்புமாகச் சட்டி ஓடுகள் புரண்டு வரும் மேட்டுக்கு நத்தமேடு என்று பெயர். தொல்லியலாரும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஒன்று வருவாய்த் துறையின் சொல், மற்றொன்று உழவரின் சொல், இரண்டும் தற்செயலாக ஒலியில் ஒத்துப்போயின என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே சொல், ஒரே பொருள். மனிதர் வீடு கட்டி வாழ்ந்த மண் என்ற பொருள் ஆயிரம் ஆண்டுகளாக இந்தச் சொல்லுக்குள் சிதையாமல் இருக்கிறது. அதைக் கவனித்திருந்தால் நம் பழைய குடியிருப்புகளைத் தேடும் வழியே வேறாகியிருக்கும்.

சான்றுகளில் முதலாவது கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் (985–1014) கொடையாகக் கொடுத்த ஊர்களின் நில அளவைச் சொல்லும் கல்வெட்டுகள், ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கப்படாத நிலங்களைத் தனியே கழித்துக் காட்டுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. 'ஊர்' என்றால் வயலும் தோப்பும் மேய்ச்சலும் சேர்ந்த முழுமை. அதற்குள் அடுப்பெரியும் பகுதி மட்டுமே நத்தம். அது விளையாத நிலம், ஆகவே வரியில்லாத நிலம். இந்தப் பட்டியல் இன்னொன்றையும் சொல்கிறது. பறைச்சேரியும் கம்மாணசேரியும் நத்தத்தோடு சேராமல் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. நத்தம் என்ற சொல் குடியிருப்பைச் சொன்னபோதே, யாருடைய குடியிருப்பு ஊருக்குள் சேரும் என்ற கோட்டையும் கிழித்திருக்கிறது. நத்தம் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர், அந்த ஊரின் உழைப்பாளிகளையும் கைவினைஞர்களையும் தவறவிடுவார்.

சொல்லின் வேருக்கு வருவோம். திருக்குறளின் 235ஆம் பாட்டில் 'நத்தம்' வருகிறது. அங்கே அதற்கு ஆக்கம் என்று பொருள் கொண்ட பரிமேலழகர், 'நந்து' என்பதே 'நத்து' எனத் திரிந்து 'அம்' சேர்ந்து நத்தம் ஆயிற்று என்று விளக்குகிறார். நந்துதலுக்கு அகராதிகள் இரண்டு எதிரெதிரான பொருள்களைத் தருகின்றன. வளர்தலும் நந்துதல்தான், கெடுதலும் நந்துதல்தான். குறளின் நத்தமும் ஊரின் நத்தமும் ஒரே வேர்தானா என்று ஒருவர் கேட்கலாம். சங்கையும் நத்தம் என்பதுண்டு, ஓசை ஒத்த சொல்லெல்லாம் உறவாகிவிடாது. நியாயமான மறுப்பு இது. வேரை முடிந்த முடிவாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பெற்ற மேட்டைப் பார்த்தால், வளர்தல், கெடுதல் என்ற இரு பொருள்களும் அதில் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மண்சுவர் இடிந்து விழுகிறது, கூரை எரிந்து சாம்பலாகிறது. அதன்மேலேயே மண்ணை நிரவி, திமிசு போட்டு இடித்து, அடுத்த தலைமுறை புதுத் தரை போடுகிறது. ஒரு வீடு கெடக் கெட மேடு ஒரு சாண் வளர்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க நொய்யல் கரைக்கே போகலாம். திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் ஆற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. 1985 முதல் 1990 வரை சில பருவங்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012–13இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவும், பின்னர் மாநிலத் தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்தன. குழியின் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரைகள் கோடு கோடாகத் தெரியும். தரையில் வட்டமாகக் கறுத்த மண் தெரிந்தால் அது கம்பம் நட்ட குழி. மரம் மக்கிப்போய்விட்டது, குழியில் நிரம்பிய மண்ணின் நிறம் மட்டும் கூரை நின்ற இடத்தைச் சொல்கிறது. அந்தத் தரைகளின் மேல்தான் படியூர்ப் பச்சைக்கல்லை அறுத்து மணியாக்கியவர்கள் இருந்தார்கள். இரும்பு உருக்கியவர்களும், 'கண்ணன் ஆதன்', 'சம்பன் சுமணன்' என்று பானையில் தமிழி எழுத்தில் பெயர் கீறியவர்களும் அங்கேதான் வாழ்ந்தார்கள். நூல் நூற்ற சுடுமண் தக்களி வட்டுகளும் அங்கே கிடைத்தன. நடுவில் துளையிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டு அது. இன்று பின்னலாடைக்கு நூற்கண்டு ஏற்றும் இதே ஆற்றங்கரையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டின் சுழற்சியில் நூல் திரிந்தது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். நத்தம் சோழர் காலக் கல்வெட்டில் தெரியும் சொல். கொடுமணல் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. வரிக் கணக்கனின் சொல்லை இரும்புக்கால வீட்டின் மேல் ஏற்றலாமா? கொடுமணல் மக்கள் தங்கள் குடியிருப்பை நத்தம் என்றழைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பெயரை யார் வைத்தார் என்பதை விட, அந்தப் பெயர் செய்த வேலைதான் இங்கே கேள்வி. நத்தத்துக்கு வரியில்லை, ஆகவே அது வயலாகக் கணக்கில் ஏறவில்லை. ஊர் பெயர்ந்து போன பிறகும் பல இடங்களில் அது புறம்போக்காகவே நின்றது. கொழு இறங்காத மண்ணில்தான் தரையும் கம்பக்குழியும் கலையாமல் இருக்கும். வாழ்ந்த மேட்டுக்குத் தனிப்பெயர் வைப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. மேற்காசியாவில் அதை 'டெல்' என்பார்கள். நார்வேயின் வடகடலோரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சாணமும் சாம்பலும் தரையும் சேர்ந்து உயர்ந்த பண்ணை மேடுகளுக்குத் தனிச்சொல் உண்டு, அவற்றில் சிலவற்றின் மேல் இன்றும் வீடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில், 1850இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனபோது ஸ்காரா பிரேயின் ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான கல்வீடுகள் வெளிப்பட்டன. அவை குப்பை மேட்டுக்குள் பொதிந்தாற்போலக் கட்டப்பட்டவை. அங்கே மரம் அரிது, கட்டிலும் அலமாரியும்கூடக் கல்லில் ஆனவை, அதனால் வீடு வீடாகவே நின்றது. நம் வீடு மண்ணும் மரமும் ஓலையும். அது மேடாகத்தான் நிற்கும், அதற்குச் சொல்தான் அடையாளம்.

அந்தச் சொல்லை நாம் மதிக்கவில்லை என்பதற்கு நம் பெயரிடலே சாட்சி. பழைய கல்லறைகளைப் பாண்டவர் வீடு என்றோம், குள்ளர் குகை என்றோம். இறந்தவர் கல்லுக்கு வீடு என்ற பெயரும், இருந்தவர் வீட்டுக்கு மேடு என்ற பெயரும் வாய்த்தன. கல் கண்ணில் படும், ஆகவே ஆய்வும் நெடுங்காலம் கல்லறையைச் சுற்றியே நடந்தது. கல்லறையும் பேசும் என்பதை மறுக்க முடியாது. கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் 2,200க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. ஆனால் ஒருவருக்கு எவ்வளவு மணி சேர்த்துப் புதைத்தார்கள் என்பதைத்தான் கல்லறை சொல்லும். அந்த மணியை அறுத்தவர் எந்தத் தரையில் உட்கார்ந்தார், பக்கத்தில் எந்த உலை எரிந்தது, யார் நூல் நூற்றார் என்பதைக் குடியிருப்புதான் சொல்லும்.

இன்று நத்தம் என்றவுடன் காலி இடம் என்ற எண்ணம் வருகிறது. சட்டத்தின் பார்வை அப்படியல்ல. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், அரசுச் சொத்து எது என்று வரையறுக்கும்போது வீட்டுமனையையும் கொல்லையையும் விலக்கி வைத்தது. அதைக் காட்டித்தான், கிராம நத்தம் குடியிருப்பவருடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் வெறும் நிலமல்ல, வாழ்ந்தவரின் உரிமை ஒட்டிய நிலம் என்ற பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே செய்ய வேண்டிய வேலை எளியது. ஒவ்வொரு கிராமத்தின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டிலும் நத்தம் என்று குறித்த புல எண்கள் இருக்கின்றன. அவற்றில் வீடில்லாமல் கிடப்பவற்றைத் தனியே எழுதி, பக்கத்துச் சேரிகளின் எண்களையும் சேர்த்தால், அதுவே தொல்லியலுக்கு முதல் வரைபடம். பனியன் கம்பெனிக்கும் குடோனுக்கும் வானம் தோண்டும் வேகத்தில் திருப்பூர் வளர்கிறது. அந்த எண்களில் கடப்பாரை இறங்குவதற்கு முன் ஒருவர் போய் மண்ணைப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே ஒரு காலத்தில் அடுப்பு எரிந்தது என்று அந்தப் பெயர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.