வேர் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

கிளென் ஈடனிலிருந்து வைட்டாக்கரே மலைப்பக்கம் போனால், வசந்த காலத்தில் இரண்டு மஞ்சள் பூக்கள் கண்ணில் படும். ஒன்று கோஃபாய், இந்த மண்ணின் மரம். மற்றது கோர்ஸ், ஐரோப்பியர் வேலிக்காகக் கொண்டுவந்த முள்செடி. 1835-இல் சார்லஸ் டார்வின் வடக்கே வைமாத்தேக்கு வந்தபோதே அது அங்கே வேலியாக நின்றது. இரண்டும் நம் அவரைக்குச் சொந்தக்காரச் செடிகள்தான். ஆனால் அவற்றின் வேரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வேறு வேறு.

அவரைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். உள்ளே இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக மாற்றித் தரும். பதிலுக்குச் செடி அதற்குச் சாப்பாடு போடும். தமிழ்நாட்டு உழவர்கள் நெல் நடும் முன் கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் வயலில் மடக்கி உழுவது இந்த உரத்துக்காகத்தான்.

1888-இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் இந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். 1904-இல் ஜெர்மனியின் ஹில்ட்னர், வேரை ஒட்டிய மண்ணுக்கு 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தார். வேரிலிருந்து சர்க்கரையும் அமிலங்களும் கசிகின்றன. அவை சில பாக்டீரியாக்களுக்கு விருந்து, சிலவற்றுக்கு ஆகாது. அவரைக் குடும்பச் செடிகள் இன்னும் ஒரு படி மேலே போய், வேதிப்பொருளால் 'அழைப்பு' அனுப்புகின்றன. அதைப் புரிந்துகொள்ளும் பாக்டீரியாவுக்குத்தான் உள்ளே இடம். செடி மாறினால் மண்ணின் குடிமக்களும் மாறுவார்கள்.

நியூசிலாந்தில் இது நாடு முழுக்க நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் காட்டை வெட்டி, எரித்து, புல்லும் க்ளோவரும் விதைத்தார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வு முடிச்சுகளைச் சோதித்தது. கோஃபாய் போன்ற உள்ளூர்ச் செடிகளில் பெரும்பாலும் மீசோரைசோபியம் இருந்தது. கோர்ஸ் போன்ற வந்தேறிக் களைகளில் பிராடிரைசோபியம் இருந்தது.

இதைவிட வியப்பான கதை தெற்கே ஒடாகோவில் நடந்தது. லோட்டஸ் என்ற தீவனச்செடியை ஒரே ஒரு வகை பாக்டீரியாவைச் சேர்த்து விதைத்தார்கள். அதற்கு ஏற்ற பாக்டீரியா அந்த நிலத்தில் முன்பு இல்லை. ஏழு வருடம் கழித்து முடிச்சுகளைத் திறந்து பார்த்தால், பல வகை பாக்டீரியாக்கள்! ஜான் சல்லிவன், கிளைவ் ரான்சன் குழு 1995-இல் காரணத்தை வெளியிட்டது. முடிச்சு போடும் மரபணுக்கள் விதைத்த பாக்டீரியாவிலிருந்து உள்ளூர் மண் பாக்டீரியாக்களுக்குத் தாவியிருந்தன. சுமார் 5 லட்சம் எழுத்து நீளமுள்ள அந்த டி.என்.ஏ. துண்டை 'கூட்டுவாழ்வுத் தீவு' என்கிறார்கள். வந்த செடிக்கு ஊர் பாக்டீரியாக்களே உறவாகிவிட்டன.

எல்லா மாற்றமும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. நம் பக்கத்து மலைகளில் கவுரி மரங்கள் வேரைத் தாக்கும் ஒரு நோய்க்கிருமியால் சாகின்றன. 2017 டிசம்பரில் தே கவெராவ் ஆ மாகி மக்கள் காட்டுக்குள் போகத் தடை அறிவித்தார்கள். ஆய்வொன்றில், கவுரி மண்ணிலிருந்து எடுத்த புர்கோல்டீரியா பாக்டீரியா சில, ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தன. கவுரியைக் காக்கும் மருந்தாக அவை ஆகுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம். காடு அழிந்தால் மரங்கள் மட்டுமல்ல, அவை காலங்காலமாகச் சேர்த்துவைத்த மண்ணின் குடிமக்களும் கலைந்துபோவார்கள்.

அந்த நோய்க்கிருமி நம் காலணியில் ஒட்டிய மண்ணிலும் பயணம் செய்யும். பாதை வாசலில் பிரஷ் இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள், வெளியே வரும்போதும்தான்.